எத்தனை பாட்டு பிடிக்கும்?

மாமா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். சந்தையில் பூண்டை அள்ளிப் பார்க்கிறவர்கள் செய்வதுபோல இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்தார். பிறகு கேட்டார்: “இதுல எத்தனை பாட்டு பிடிக்கும்?”

2006. குறிஞ்சி பூத்த வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் சரிவுகள் நீலமாகும்போது ஊரில் எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான். கல்யாணம் போன குறிஞ்சிக்கு, வீடு கட்டியது அதற்கு முந்தின குறிஞ்சிக்கு. அந்த வருஷம் பூப் பார்க்க வந்த வண்டிகள் கோடைக்கானல் ஏழு ரோட்டில் முட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே நான் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். சட்டைப் பையில் ஒரு எம்.பி.3 பிளேயர். ரிச்சி தெருவில் பேரம் பேசி 1,100 ரூபாய்க்கு வாங்கியது.

சுண்டுவிரல் நீளம், வெள்ளி நிற பிளாஸ்டிக், நீல வெளிச்சத்தில் நகத்தளவு திரை. ஒரு முனையில் இருக்கும் மூடியைக் கழற்றினால் கம்ப்யூட்டரில் செருகும் யூ.எஸ்.பி. முனை தெரியும். டிவி ரிமோட்டுக்குப் போடும் சின்ன செல் ஒன்று போட்டால் ஓடும். முதுகில் 2 ஜி.பி. என்று ஒரு ஸ்டிக்கர். செய்தவன் பெயர் எங்கும் இல்லை.

“நானூறு பாட்டு பிடிக்கும் மாமா.”

“நானூறா? அப்ப ஆயுசுக்கும் போதும்” என்று திருப்பிக் கொடுத்தார்.

பாத்திரம் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கும், மனசுக்கு எது பிடிக்கும் என்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான். இந்தப் பிளேயரின் வாழ்க்கையில் இரண்டு கேள்வியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வந்ததை இப்போது நினைத்தால் மாமா சரியாகத்தான் கேட்டிருக்கிறார் என்று படுகிறது.

எங்கள் மலையில் எல்லாமே ஏற்றி வந்ததுதான். சாலை வருவதற்கு முன் வெள்ளைக்காரத் துரைமார்களே சுமையாகத்தான் வந்தார்கள். பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து டோலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வெள்ளகவி கிராமத்துக்கு நான் அறிந்த காலமெல்லாம் அரிசியும் பருப்பும் குதிரை முதுகில்தான் போயின. அரிசி ஏத்து, சிமெண்ட் ஏத்து, மூட்டை ஏத்து. ஆகவே பாட்டும் ஏத்து. படித்தவர்கள் காப்பி என்றும் டிரான்ஸ்ஃபர் என்றும் சொல்லட்டும். மூஞ்சிக்கல்லிலும் வத்தலக்குண்டிலும் கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை எல்லோரும் சொன்னது ‘பாட்டு ஏத்துறது’ என்றுதான். கடை வாசலில் எழுதி ஒட்டியிருந்ததும் அதுதான்.

மாமாவுக்கு இது புதுப் பழக்கம் இல்லை. அவர் லாரியில் கிளீனராக இருந்த எண்பதுகளில் வத்தலக்குண்டில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் உண்டு. அந்தக் காலத்துத் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒவ்வொன்றிலும் இருந்ததுதான். வெற்று டி.டி.கே. 90 கேசட் ஒன்றை வாங்கி, கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பதிவார். ஐந்து நிமிஷப் பாட்டைப் பதிய ஐந்து நிமிஷம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. அடுத்த வாரம் லோடு இறக்கப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம், ஒன்பது அல்லது பத்துப் பாட்டு. மிச்சமிருக்கும் இரண்டு நிமிஷ நாடாவை வீணாக்கக் கூடாது என்று கடைக்காரர் தனக்குத் தோன்றிய பாட்டு ஒன்றை அதில் போடுவார். அது பாதியில் அறுந்து, ‘டக்’ என்று பட்டன் மேலே எழும். அந்தத் தலைமுறைக்குப் பாதிப் பாட்டுகள் பல பாடம். முழுப்பாட்டை வேறெங்காவது கேட்க நேர்ந்தால், ‘அட, இதுக்கு இன்னொரு சரணம் இருக்கா’ என்று ஆச்சரியப்படுவார்கள்.

கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டுவந்தது. அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கலாம் என்று சோனியின் வாக்மேன் 1979-இல் காட்டியது. அந்த வாக்மேனை நாங்கள் டூரிஸ்ட்டுகளின் இடுப்பில் மட்டும்தான் பார்த்தோம்.

பாட்டு கேட்க ரேடியோ இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, அதுவும் எங்கள் தலைக்கு மேலேயே. அகில இந்திய வானொலியின் கோடைப் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். மலை உச்சியில் நிற்கும் அந்தக் கோபுரத்திலிருந்து கிளம்பும் பாட்டு திண்டுக்கல், தேனி, மதுரை என்று சமவெளியில் எத்தனையோ டீக்கடைகளில் ஒலிக்கும். ஆனால் பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிற சாதி. சமவெளி முழுக்க அதன் பார்வையில் விரிந்து கிடக்கிறது. மேட்டுக்குப் பின்னால் மடிப்புக்குள் உட்கார்ந்திருக்கும் எங்கள் தெரு அதன் கண்ணில் படாது. விளக்கடியில் இருட்டு. பிளேயரில் ரேடியோவும் இருந்தது, ஹெட்போன் ஒயரே அதற்கு ஏரியல். வீட்டுக்குள் இருந்து கேட்டால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம். மாமா அதைக் காதில் மாட்டிக்கொண்டு மலையிறங்கிய அன்று வத்தலக்குண்டிலிருந்து போன் செய்தார்: “நம்ம ஊர்ப் பாட்டு இங்க வந்தாதான் கேக்குது மாப்ள.”

அந்தச் சின்ன டப்பாவுக்குள் நானூறு பாட்டு எப்படி என்பதை அவருக்கு விளக்க முயன்றது நினைவிருக்கிறது. சி.டி.யில் ஒலி விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு எண்களாகப் பதிகிறது. அந்தக் கணக்குக்கு ஐந்து நிமிஷப் பாட்டு ஏறக்குறைய 50 எம்.பி. கனம். அப்படியே ஏற்றினால் 2 ஜி.பி.யில் நாற்பதுதான் பிடிக்கும். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் கூட்டாளிகளும் எண்பதுகளில் உட்கார்ந்து யோசித்தது இதைத்தான்: காதுக்கு எப்படியும் எட்டாததை எதற்குச் சுமக்க வேண்டும்? கல்யாண மண்டபத்தில் தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் கிசுகிசுப்பது கேட்காது. கிசுகிசுப்பு அங்கே இருக்கத்தான் செய்கிறது, காது அதைக் கழித்துவிடுகிறது. பாட்டிலும் அப்படித்தான். பெரிய ஒலியின் நிழலில் ஒளிந்துகொள்ளும் சின்ன ஒலிகளைக் கண்டுபிடித்து எறிந்துவிட்டால், மிஞ்சுவது பதினொன்றில் ஒரு பங்கு. ஐந்து நிமிஷப் பாட்டு 5 எம்.பி.க்குள் அடங்கும். பிராண்டன்பர்க் தன் முறையைச் சோதித்துச் சோதித்துத் திருத்தியது சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியம் இல்லாமல் பாடிய ஒரு பாட்டை வைத்து. வெறும் குரல்தான் ஏமாற்றுவதற்கு மிகக் கடினமாம். கோப்பின் பின்னால் எம்.பி.3 என்று வால் ஒட்டுவது என 1995 ஜூலையில் முடிவு செய்தார்கள்.

மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பூண்டுக்குத் தாள உரிச்சு மூட்டை கட்டுற மாதிரி.”

அதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஜெர்மன்காரர்களுக்கு எழுதிப் போட்டிருக்கலாம்.

உரித்த பூண்டைச் சுமக்க ஒரு பை வேண்டுமே. முதலில் தைத்தவர்கள் கொரியாக்காரர்கள்: 1998-இல் சேஹான் கம்பெனியின் எம்.பி.மேன். அதே வருஷம் அமெரிக்காவில் ரியோ என்று ஒன்று வந்தது. அதில் இருந்தது 32 எம்.பி., அதாவது அரைமணி நேரப் பாட்டு. இதற்கே அங்குள்ள இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. தன்னிடம் இருக்கும் பாட்டை ஒருவர் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தன் உபயோகத்துக்காக மாற்றிக்கொள்வதில் தவறில்லை என்று 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி போயிருந்தால் ஐபாடும் வந்திருக்குமா தெரியாது. 2001 அக்டோபர் 23 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் பையிலிருந்து எடுத்துக் காட்டிய ஐபாடில் 5 ஜி.பி., ஆயிரம் பாட்டு. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி, பாட்டுப் பட்டியலைத் திரையில் அடுக்கும் முறை தன்னுடையது என்று ஆப்பிள்மேல் வழக்குப் போட்டு, கடைசியில் 10 கோடி டாலர் வாங்கிக்கொண்டு சமாதானமானது 2006-இல். இங்கே குறிஞ்சி பூத்துக்கொண்டிருந்த அதே ஆகஸ்ட்.

அந்த வருஷம் எங்கள் ஊருக்குப் பூப் பார்க்க வந்த கல்லூரிப் பையன் ஒருவனிடம் நிஜ ஐபாட் இருந்தது. மாமா ஆசையாகக் கேட்டார், “தம்பி, இதுல இருந்து ரெண்டு பாட்டு நம்மளுதுக்கு மாத்திக் குடேன்.” முடியவில்லை. ஐபாடில் பாட்டுகள் மறைவான ஒரு ஃபோல்டருக்குள் நான்கெழுத்துக் குறிப்பெயர்களோடு பதுங்கியிருக்கும்; அதற்கென்றே உள்ள ஐடியூன்ஸ் மூலமாக மட்டுமே போக்குவரத்து. அதுவும் சொந்தக் கம்ப்யூட்டரோடுதான். வாங்கும், கொடுக்காது. பேர் தெரியாத எங்கள் டப்பாவுக்கு அந்தக் கர்வம் இல்லை. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் பென் டிரைவ் போலக் கதவைத் திறந்து நிற்கும். வேண்டியதை எடு, வேண்டியதைப் போடு. நேர்த்தி என்று பார்த்தால் ஐபாடுக்குப் பக்கத்தில் நிற்க லாயக்கில்லாததுதான். ஆனால் ஒரு பொருள் ஊருக்குள் வாழ வேண்டுமென்றால் கொடுக்கவும் தெரிய வேண்டும்.

மூஞ்சிக்கல் பிரவுசிங் சென்டரில் முதல் லோடு ஏற்றினோம். பாட்டுக்கு ஒரு ரூபாய். கடைக்காரரின் கம்ப்யூட்டரில் இளையராஜா, ரஹ்மான், தேவா, சாமி, குத்து என்று ஃபோல்டர்கள். அதில் ஒன்றுக்காவது அவர் யாருக்கும் உரிமைத்தொகை கட்டியிருக்க மாட்டார். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ரெக்கார்டிங் சென்டர் காலத்திலிருந்தே அப்படித்தான். இசையமைத்தவருக்கும் பாடினவருக்கும் நாங்கள் பட்ட கடன் அது, மறைக்க ஒன்றுமில்லை. பழைய கம்ப்யூட்டர், பழைய யூ.எஸ்.பி., விநாடிக்கு ஒரு எம்.பி. ஏறினால் அதிகம். இன்னொரு டீ குடித்தோம். வெளியே மேகம் இறங்கி ரோட்டை மூடி, எழுந்து போய், மறுபடி இறங்கியது.

இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. இருநூறு பாட்டு வரைக்கும் சுத்தம். அதற்கு மேல் போனால் கரகரப்பு, ஒரு பாட்டின் நடுவில் இன்னொரு பாட்டு, அப்புறம் மௌனம். ஸ்டிக்கர் சொன்ன 2 ஜி.பி. உள்ளே இல்லை, இருந்தது ஒன்றுதான். அந்நாளில் கடைத்தெருக்களில் நிறைய நடந்த தில்லுமுல்லு இது. பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளைத் திருத்தி, இரண்டு என்று பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரும் அதை நம்பி ஏற்றிக்கொண்டே போகும், இடமில்லாத இடத்தில். எனக்கு அவமானமாக இருந்தது. மாமா சிரித்தார். “லாரி ஆர்.சி. புக்குல ஒன்னு போட்டிருக்கும், வண்டி இழுக்குறது ஒன்னு. இருநூறுக்கு மேல ஏத்தாத, அவ்வளவுதான்.”

நான் சென்னைக்குத் திரும்பும்போது அதை அவரிடமே விட்டுவிட்டேன். இருநூறு என்ற வரம்போடு அது அந்த வீட்டில் குடியேறியது.

வரம்பு இருந்ததால்தான் அந்த வீட்டில் பாட்டைப் பற்றிப் பேச்சே நடந்தது என்று நினைக்கிறேன். ஒன்று ஏற வேண்டுமானால் ஒன்று இறங்க வேண்டும். விடிகாலையில் அடுப்படி அத்தையுடையது: சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டுகள். அதற்காகவே ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி வைத்திருந்தார். பகல் மாமாவோடு வண்டியில். சாயங்காலம் மாமா மகள் கைக்குப் போய்விடும். 2007-இல் ‘பருத்திவீரன்’ ஏறியபோது மாமாவின் எம்.ஜி.ஆர். பாட்டுகளில் ஐந்து இறங்கின. 2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ வந்தது. அத்தையின் வேளாங்கண்ணி மாதா பாட்டுகள் இரண்டைக் காணோம். (முருகனும் மாதாவும் அத்தைக்கு ஒரே வரிசையில்தான்.) பெரிய சண்டை. ‘சுப்ரமணியபுரம்’ பாட்டுகளை ஏற்றப் போனபோதுதான் அப்பாவும் மகளும் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அவளுக்கு ஜேம்ஸ் வசந்தன். அவருக்கு அந்தப் படத்தில் ஒலிக்கும் ‘கல்லுக்குள் ஈரம்’ படத்துப் பழைய பாட்டு. இரண்டும் ஏறட்டும், இறங்குவது இருவருக்கும் பிடிக்காத ஒன்றாக இருக்கட்டும்.

இந்த மாதிரி மலிவுப் பிளேயர்களுக்கு ஒரு குணம் உண்டு. பாட்டை அகர வரிசையில் பாடாது. ஏற்றிய வரிசையில்தான் பாடும். உள்ளே பெயர்கள் எழுதப்படும் பட்டியல் அந்தக் காலத்து பஸ் சீட்டு மாதிரி. நடுவில் ஒருவர் இறங்கினால், அடுத்து ஏறுகிறவர் பெரும்பாலும் அந்தக் காலி இடத்திலேயே உட்காருவார். தமிழில் பெயர் எழுதினால் திரையில் வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும். இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் மாமாவுக்குப் படிக்கச் சிரமம். ஆகவே அவர் எண்ணைப் பாடம் செய்துகொண்டார். கவசம் ஒன்று. நாற்பத்தியிரண்டு எஸ்.பி.பி. நூற்றிமூன்றில் இருந்த எம்.ஜி.ஆர். இறங்கி யுவன் ஷங்கர் ராஜா ஏறினாலும், அவர் வாயில் அது வெகுநாள் ‘எம்.ஜி.ஆர். சீட்டு’.

நூற்றிப்பதினேழு ஒரு விபத்து. ஐப்பசி மழை, காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போய்ப் போய் வந்த நாள். மாமா மகள் பிரவுசிங் சென்டரில் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் அணைந்தது. யூ.பி.எஸ். பெயருக்குத்தான் இருந்தது. அந்த நொடியில் ஏறிக்கொண்டிருந்தது ‘குணா’ படத்துப் பாட்டு. 1991-இல் வந்த படம். வாலி எழுதி, கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய பாட்டு. டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த எங்கள் ஊர்க் குகைக்குப் படத்தின் பெயரே நிலைத்துவிட்டது. எழுதும்போது பிடுங்கினால் கோப்பு கெடும் என்பார்கள். இது முழுதாகவும் கெடவில்லை. பெயரும் நீளமும் பட்டியலில் ஏறிவிட்டன. உள்ளே பாட்டு பாதிதான். ஜானகியின் குரல் ஓரிடத்தில் சட்டென்று நிற்கும். சில விநாடி ஒன்றுமிருக்காது. பிறகு நூற்றிப்பதினெட்டு.

அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம். ஒரு ரூபாய் விஷயம். யாரும் செய்யவில்லை. “கேசட்டுலயும் கடைசிப் பாட்டு பாதிதான வரும்” என்றார் மாமா. அந்த இடம் வந்ததும் வீட்டில் யாராவது ஒருவர், வெங்காயம் நறுக்கிக்கொண்டோ ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டோ, மிச்சத்தைப் பாடிவிடுவார்கள்.

மலைக் குளிர் பிளேயருக்கு ஆகவில்லை. தை மாசத்துக் காலையில் செல் சோர்ந்துபோய்த் திரை மங்கும். கழற்றி உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்திவைத்தால் இன்னும் நாலு பாட்டு பாடும். 2010 வாக்கில் ஒரு தைப்பூசத்துக்கு அது பழனிக்கு நடந்தது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நாள்கணக்கில் நடந்து வருகிறவர்களுக்கு முன்னால் எங்கள் நடை பெரிதல்ல. பெருமாள்மலை தாண்டி மலைப்பாதையில் இறங்கினால் அறுபது, அறுபத்தைந்து கிலோமீட்டர். முன்னால் போன வேனில் ஆம்ப்ளிஃபயரும் குழாயும். பிளேயரை அதில் சொருகிவிட்டார்கள். கவசத்தில் தொடங்கி வரிசையாகப் பாடிக்கொண்டே போய், எம்.ஜி.ஆர். சீட்டில் இருந்த யுவன் குத்துப்பாட்டு பள்ளத்தாக்கு முழுக்க ஒலித்ததும், குருசாமி திரும்பிப் பார்த்த பார்வையும், ஒரு பையன் தாவி ஒயரைப் பிடுங்கியதும் ஊரில் இன்றைக்கும் பேச்சு. அந்தப் பிடுங்கலில் ஜாக் ஆடிப்போனது. அதிலிருந்து ஒரு காதில் மட்டும்தான் கேட்கும். எஸ்.பி.பி. இருப்பார், வயலின்கள் இருக்காது.

அதற்குள் கீழே உலகம் மாறிவிட்டிருந்தது. செல்போனில் நகத்தளவு மெமரி கார்டு. பிரவுசிங் சென்டர்கள் மொபைல் கடையாகி, அதே மேஜையில் இருபது ரூபாய்க்குக் கார்டு நிறையப் பாட்டு ஏற்றின. ஒன்று ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும் வேலையே போயிற்று. மொத்தமாகக் கொட்டினார்கள், அரிசிக் கடையில் மூட்டை மாற்றுவதுபோல. மாமா மகள் திண்டுக்கல்லுக்கு நர்சிங் படிக்கப் போனபோது அவள் பாட்டெல்லாம் அவள் போனிலேயே போய்விட்டது. பிளேயர் அலமாரித் தட்டில் கிடந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் செல்லைக் கழற்றவில்லை. செல் கசிந்து, ஸ்பிரிங் பச்சை பூத்து உதிர்ந்தது. திரையும் போயிற்று.

செத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் இப்படிப்பட்ட பொருளுக்குள் இரண்டு உயிர் உண்டு. செல்லில் ஓடும் பாட்டுப்பெட்டி ஒன்று, செருகினால் விழிக்கும் பென் டிரைவ் ஒன்று. மாமா பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு ஒரு பிக்கப் வாங்கினார். அதில் யூ.எஸ்.பி. செட்டு இருந்தது. அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துச் செருகினார். கவசம் ஆரம்பித்தது. ஸ்பீக்கர் வழியாக, இரண்டு பக்கமும், வயலின்களோடு.

அதிலிருந்து அது வண்டியில்தான். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு ஏற்றி, காட் ரோட்டில் வத்தலக்குண்டு இறங்கி, பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு. கோடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை அதற்கேற்ப ஏறியதா என்று மாமாவிடம் கேட்காதீர்கள். வடுகபட்டி வைரமுத்து வளர்ந்த ஊர். அங்கிருந்து தென்மேற்கே போனால் கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரம், இளையராஜாவின் ஊர். மாமா ஏற்றி வைத்திருக்கும் இருநூறில் பாதிக்கு மேல் இந்த இரண்டு ஊர்க்காரர்களுடையவை. எங்கள் மலையடிவாரத்திலிருந்து சென்னைக்குப் போய், பாட்டாகி, எர்லாங்கன் கணக்கில் உரிபட்டு, எங்கோ செய்த சில்லுக்குள் அடைந்து, ரிச்சி தெரு வழியாக மலையேறி, இப்போது பூண்டு மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடி அதே அடிவாரத்துக்கு இறங்குகின்றன.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பாட்டை ஏற்றும் வேலை முக்கால்வாசி ஊருக்கு முடிந்துபோனது. 2018-இல் குறிஞ்சி பூத்தபோது வந்தவர்கள் போனிலேயே எல்லாம் கேட்டார்கள், டவர் கிடைக்கும் வளைவு வரைக்கும். அதற்கப்புறம் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். 2022 மே மாதம் ஆப்பிள் ஐபாடை நிறுத்துவதாக அறிவித்தது. அந்தச் செய்தியை மாமாவிடம் சொன்னேன். “கொடுக்க மாட்டேன்னுச்சே, அதா?” என்றார்.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தது 2024 பிப்ரவரியில். 2006-இல் குணா குகைக் குழிக்குள் விழுந்தவரை அவர் நண்பர் இறங்கி மீட்ட கதை. நாங்கள் பிளேயருக்குப் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்த அதே வருஷத்துச் சம்பவம். படத்துக்குப் பிறகு மலையில் திரும்பிய பக்கமெல்லாம் அந்தக் குணா பாட்டு. மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் ஓட்டுகிறார். மழை பிடித்த ஒரு நாள் நான் ஊருக்குப் போயிருந்தபோது, பூம்பாறை ரோட்டில் பைக் நின்றுபோய் நனைந்துகொண்டிருந்த இரண்டு மலையாளப் பையன்களை ஏற்றிக்கொண்டோம். ஒருவன் முன்னால் என்னோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான்; இன்னொருவன் பின்னால், தார்ப்பாய்க்குள், மூட்டைமேல்.

செட்டைப் பார்த்துவிட்டு முன்னால் இருந்தவன் கேட்டான், “சேட்டா, ஆ குணா பாட்டு உண்டோ?”

“இருக்கு. ஆனா பாதிதான்.”

அவனுக்குப் புரியவில்லை. மாமா பட்டனை அழுத்திக்கொண்டே போனார். செட்டின் திரையில் எண் ஓடி நூற்றிப்பதினேழில் நின்றது. கமலின் குரல் வந்ததும் தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு கூச்சல். இரண்டு பேருக்கும் வார்த்தை வார்த்தையாகத் தெரிந்திருந்தது, மலையாள உச்சரிப்போடு. கண்ணாடி முழுக்க மேகம். வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது.

ஜானகி நின்றார். பையன்கள் நிற்கவில்லை, பாட்டு நின்றதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. முன்னால் இருந்தவன் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான், பின்னால் இருந்தவன் மூட்டையில் தாளம் தட்டினான். சில விநாடி கழித்து நூற்றிப்பதினெட்டு ஆரம்பித்தது. மாமா வளைவில் கியரை இறக்கிவிட்டு, கையை நீட்டிச் செட்டை அணைத்தார்.